ஏரிக்கரையில் நான் உச்சரித்த சொல்

எங்கள் உறவினர்களின் கைப்பேசிகளில் ஒரு காணொளி உலவிக்கொண்டிருக்கிறது. மார்புவரை ஏறிய ரப்பர் காற்சட்டை அணிந்த முதியவர் ஒருவர், ஏரிக்கரையில் நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு எதையோ கத்துகிறார். அந்த முதியவர் நான்தான். ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தவர்களுக்கு நன்றி. ஒலியோடு பார்த்தவர்களுக்கு ஒரு விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். அங்குள்ள கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். குளிர்ந்த ஏரிகளில் கயாக் எனும் ஒடுங்கிய சிறு படகில் அமர்ந்து தூண்டில் போடுவது எனக்கு வழக்கம். எங்கள் ஊர்த் தூண்டில் கழகத்தில் பாதுகாப்புப் பொறுப்பும் என்னுடையதே. புதிதாகச் சேருவோருக்கு நீர் புகாக் காற்சட்டையை எப்படி அணிவது, விழுந்தால் என்ன செய்வது என்றெல்லாம் பாடம் நடத்துகிறேன். என் மாணவர் எவரும் இதுவரை தண்ணீரில் அவமானப்பட்டதில்லை. நானும் பட்டதில்லை.

என் தங்கை வசந்தா வாழ்க்கைப்பட்ட ஊர், ஆந்திரத்தில் திருப்பதிக்கு முன்னால் உள்ள வடமாலபேட்டையில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஒரு கிராமம். அவள் கணவர் முனிரத்தினம் மாந்தோப்புக்காரர். தோப்பைவிட ஏரியில் அதிக நேரம் இருப்பவர். சர்க்கரை நோயால் அவருடைய வலது பாதத்தில் ஆறாத புண் ஒன்று வந்தது. புண்ணில் ஏரித் தண்ணீர் பட்டால் பாதத்தையே எடுக்க நேரிடும் என்று திருப்பதி மருத்துவர் எச்சரித்திருந்தார். அதன்பின் ஒருநாள் வசந்தாவின் தொலைபேசி வந்தது.

"அண்ணா, இவரு சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. கால்ல பிளாஸ்டிக் பையக் கட்டிக்கினு ஏரில எறங்கறாரு. மேல சணல் கயிறு வேற. நீ மார் வரைக்கும் போட்டுக்கினு நிப்பியே அந்த பேண்ட்டு, அதுல ஒண்ணு எடுத்துக்கினு வா."

பிளாஸ்டிக் பை, சணல் கயிறு. காற்றூதும் கயாக் ஒன்று, காற்சட்டைகள் இரண்டு, மிதவைச் சட்டைகள் இரண்டு ஆகியவற்றை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டேன். என் முந்தைய வருகைகள் எல்லாம் டிசம்பர் விடுமுறையில் அமைந்தவை. இம்முறை மே மாதம். அந்த வேறுபாட்டின் பொருள் எனக்கு அப்போது தெரியாது.

சென்னையிலிருந்து திருப்பதிப் பேருந்தில் ஏறினேன். நடத்துநர் என் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில், "உள்ளே என்ன, பெரியவரே?" என்றார்.

"படகு" என்றேன்.

"ஏழுமலையானைப் பார்க்கப் படகில் போகிறவரை இன்றுதான் பார்க்கிறேன்" என்று அவர் பேருந்து முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து இருக்கைப் பெண்மணி, சிரித்ததற்கு ஈடு செய்வதுபோல், எனக்கு இரண்டு எள்ளுருண்டைகள் தந்தார். எழுபது வயதுக்காரனை ஒரு பொது வாகனத்தில் இப்படிக் கேலி செய்வது நான் வாழும் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாதது. எள்ளுருண்டை தருவதும்தான்.

நகரி தாண்டியதும் பின்னால் ஒரு லாரி விடாமல் ஒலி எழுப்பிக்கொண்டே வந்தது. பேருந்து ஒதுங்கி நின்றது. மாங்காய் ஏற்றிய லாரி. அதன் ஓட்டுநர் என் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். பேருந்தின் அடிப்பெட்டிக் கதவு திறந்துகொண்டு மூட்டை சாலையில் விழுந்ததை நாங்கள் எவரும் அறியவில்லை. "ஆளுதான் வுழுந்துட்டான்னு நெனச்சேன் சார். நெஞ்சே நின்னுபோச்சி" என்றார் அவர். நடத்துநர் சற்றும் கூசாமல், "படகுதானே, தரையில் ஓடிப் பார்த்திருக்கிறது" என்றார். மூட்டையில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை உறுதி செய்த பிறகே என் இதயம் இயல்பாகத் துடித்தது.

மறுநாள் காலை முழுவதும் பாடம் நடத்தினேன். வசந்தா கேழ்வரகுக் களியும் விரால் மீன் குழம்பும் வைத்திருந்தாள். "துன்னுட்டுப் பாடம் நடத்தேன் அண்ணா, அவரு எங்க ஓடிப்போறாரு" என்றாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பதை மறந்து மென்று, அவளிடம் ஏச்சு வாங்கினேன்.

முனிரத்தினம் காற்சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது பாதம் முதல் மார்புவரை ஒரே துண்டு. பாதமும் மூடியே இருக்கும். தோளில் இரண்டு பட்டிகள். இடுப்பில் கட்ட ஒரு நாடாப் பெல்ட் தனியே உண்டு.

"மாப்பிள்ளை, கவனியுங்கள். மிக முக்கியமானது இந்தப் பெல்ட். இதை இரண்டு விரல்கூட நுழையாதபடி இறுக்கமாகக் கட்டினால், நீங்கள் தவறி விழுந்தாலும் தண்ணீர் இடுப்புக்குக் கீழே எளிதில் இறங்காது. கால் நனையாது. அதற்கு மேல் மிதவைச் சட்டை. கயாக்கில் எழுந்து நிற்கவே கூடாது. விழுந்தால் படகில் ஏற முயலாதீர்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கரையை நோக்கி மெதுவாக உதையுங்கள்."

"செரி மச்சான்."

"காற்சட்டைக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைப்போல் இழுக்கும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். தவறு. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது. அச்சம்தான் இழுக்கும்."

"செரி மச்சான். மீனு எப்ப?"

அடுத்து அவர் அதை அணிந்துகாட்டியபோது என் கண்களை நம்ப முடியவில்லை. லுங்கியோடு உள்ளே இறங்கியிருந்தார். இடுப்பைச் சுற்றி லுங்கி பொதிபோல் புடைத்து நின்றது. வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் மெல்லிய காற்சட்டையை அடியில் அணியுங்கள், பருத்தி நனைந்தால் நனைந்தபடியே இருக்கும், பாதத்தின் புண்கட்டும் ஈரமாகும் என்றேன். அதையும் நான் கொண்டுவந்திருந்தேன்.

"லுங்கி இல்லாம நான் ஏரிக்குப் போனதே இல்ல மச்சான். ஊரு இன்னா சொல்லும்?"

ஊர் என்ன சொல்லும் என்ற கவலை எனக்குப் புரியக்கூடியது என்பதால் வாதத்தை அங்கே நிறுத்தினேன். கிணற்றடித் தொட்டியில் அவரை நிற்கவைத்து, பிறகு புண்கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. வியர்வை மட்டும் கசிந்திருந்தது. ஆகவே சிறிது நேரத்துக்கு ஒருமுறை கரையேறிக் கழற்றி உலர்த்திவிட்டுத்தான் மறுபடி அணிய வேண்டும் என்று விதி செய்தேன். கயாக்கை வேண்டுமென்றே கவிழ்த்துப் பார்க்கும் பயிற்சியை மறுநாள் ஏரியின் ஆழமற்ற ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அந்தப் பயிற்சி நடைபெறவே இல்லை.

மூன்றாம் நாள் காலை, கட்டு மாற்றிய கையோடு வீட்டிலேயே காற்சட்டையை அணிந்துகொள்வது பாதத்துக்கு நல்லது என்று நானே சொன்னேன். அவர் மட்டும் அந்தக் கோலத்தில் தெருவில் நடக்கக் கூசுவார் என்பதால் நானும் அணிந்தேன். முனிரத்தினம் மீன் கூடையைக் கட்டிய மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்தார். வசந்தா பின்னால் வந்தாள். தெருவெங்கும் வேப்பிலைத் தோரணம். எங்கோ பம்பை முழங்கியது.

"என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"கங்கம்மா ஜாத்திரை அண்ணா. நேத்தே சொன்னேனே."

முச்சந்தியில் புடைவை கட்டிய ஆண்கள், முகத்தில் கரி பூசியவர்கள், கிரீடம் வைத்தவர்கள் எனக் கூட்டம் கூடியிருந்தது. அம்மனுக்கு வேண்டிக்கொண்டு வேஷம் போடுகிறவர்கள். எங்களைக் கண்டதும் கூட்டத்தில் ஆரவாரம் கிளம்பியது.

"டேய், இது இன்னா வேஷம்டா? புதுசாக் கீது!"

"ராக்கெட்டு வேஷம்டா. ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்து நேரா எறங்கிக்கினு வராங்க!"

நான் விளக்கம் தரத் தொடங்குவதற்குள், உடம்பெல்லாம் சாம்பல் பூசி, கழுத்தில் வேப்பிலை மாலையும் கையில் துடைப்பமுமாக ஒருவர் என் முன் குதித்தார். பஞ்சர் கடை சுப்பிரமணி என்பது பின்னர் தெரிந்தது. அவர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, என்னையும் என் பெற்றோரையும் எங்கள் குலத்தின் பெண்களையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்தச் சொற்களில் ஒன்றையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றில் சிலவற்றை மாணவர் விடுதிக் கழிவறைச் சுவரில் பார்த்திருக்கிறேன். நேரில், உரக்க, பகல் வெளிச்சத்தில், என்னை நோக்கிக் கேட்டது அதுவே முதல் முறை. சுற்றி நின்ற தாய்மார்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். அதுதான் என்னை நிலைகுலையச் செய்தது.

"கோச்சிக்காத அண்ணா. இன்னிக்கி திட்டுனாதான் அம்மா குளுந்து போவா. வேஷம் போட்டுக்கினு வந்தா திட்டு வாங்கணும், திருப்பியும் குடுக்கணும். ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

"நானா?"

"நீதான்."

சுப்பிரமணி துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு மரியாதையோடு காத்திருந்தார். கூட்டமும் காத்திருந்தது. நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

"பதிலு குடுக்காம போறியே சார்! அம்மா பாக்கி வெச்சிக்கமாட்டா!" என்று அவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அவரோடு பாதி ஊர் எங்களைத் தொடர்ந்து ஏரிக்கு வந்துவிட்டது.

முந்தைய பருவத்தில் நல்ல மழையாம். மே மாதத்திலும் ஏரியில் தண்ணீர் இருந்தது, மதகருகே நல்ல ஆழம். நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கரையில் தனியே நின்றேன். காதுகள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. என் தந்தையைப் பற்றி அந்த மனிதர் சொன்னது திரும்பத் திரும்ப ஒலித்தது. கயாக்கில் காற்றடித்து முடித்த முனிரத்தினம், "நான் எறங்கறேன் மச்சான்" என்றார்.

"மிதவைச் சட்டை?"

"போட்டுக்கினேன்."

"பெல்ட்?"

"டைட்டா கட்டிக்கினேன் மச்சான்" என்று இடுப்பைத் தட்டிக்காட்டும் ஓசை கேட்டது. கவிழ்த்துப் பார்க்கும் பயிற்சியை இந்தக் கூட்டத்தின் முன் நடத்த எனக்கு மனமில்லை. இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தலையசைத்தேன்.

அவர் துடுப்பு வலித்துப் போன அழகைக் குறை சொல்ல முடியாது. மதகருகே தூண்டிலைப் போட்டார். நெடுநேரம் ஆகவில்லை, கோல் வில்லாக வளைந்தது. விரால், முழங்கை நீளம் இருக்கும். கரையில் இருந்தவர்கள் கூவினார்கள். அந்தக் கூவலுக்கு அவர் செய்த பதில்தான் கேடாயிற்று. மீனைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவதற்காகக் கயாக்கில் எழுந்து நின்றார்.

அடுத்த கணம் படகு மட்டும் தெரிந்தது.

தலை மேலே வந்தது. மிதவைச் சட்டை தன் வேலையைச் செய்தது. ஆனால் நான் கண்ட காட்சி என்னை உறையவைத்தது. காற்சட்டையின் மார்பு விளிம்பு பானை வாய்போல் திறந்து, தண்ணீர் தடையின்றி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பெல்ட் இருந்தால் இப்படி ஆகாது. அவர் கால்களை அசைக்கப் பார்த்தார், அசையவில்லை. கீழே ஏதோ இழுப்பதாக நினைத்துக்கொண்டு படகின் விளிம்பைப் பற்றி ஏறினார். படகு அவர்மேலேயே கவிழ்ந்தது. மறுபடி ஏறினார். மறுபடி கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடித்தார்.

"மாப்பிள்ளை! ஏறாதீர்கள்! மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள்! முழங்காலை மடக்குங்கள்!" என்று கத்தினேன். என் செந்தமிழ் ஏரியைக் கடந்து எதிர்க் குன்றில் மோதியிருக்க வேண்டும். அவர் காதில் விழவில்லை.

சுப்பிரமணி துடைப்பத்தை எறிந்துவிட்டுக் குதித்தார். நன்றாக நீந்துகிறவர். நெருங்கியதும் முனிரத்தினம் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் மூழ்கினார்கள். சாம்பல் கரைந்து வெளுத்த தண்ணீருக்குள்ளிருந்து சுப்பிரமணி எப்படியோ பிடியை உதறிக்கொண்டு விலகி வந்து, "கிட்ட போவ முடியல, பிசாசாட்டம் புடிக்கிறாரு!" என்று மூச்சு வாங்கினார். வசந்தா முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கி நின்று கணவர் பெயரைச் சொல்லி அழைத்தாள். அவள் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவர் அசையாமல் இருந்தால் பிழைப்பார். அசைந்தால் தானும் போவார், நெருங்குகிறவரையும் கொண்டுபோவார். அவரை அசையாமல் இருக்கவைக்கக்கூடிய சொல் என்னிடம் எதுவும் மிச்சமில்லை. அப்போது முச்சந்தியில் கேட்ட சொற்களில் மிக மோசமான ஒன்று, அவருடைய தாயாரைப் பற்றியது, என் வாயிலிருந்து வெளிவந்தது. அது என் குரல்தானா என்று எனக்கே ஐயம். கைகளைக் குவித்து, அடிவயிற்றிலிருந்து, ஏரி முழுவதும் கேட்கும்படி சொன்னேன். அவர் பெயரோடு சேர்த்துச் சொன்னேன்.

கரையில் பம்பை நின்றது.

முனிரத்தினத்தின் கைகள் நின்றன. தண்ணீரில் கழுத்தளவு மிதந்தபடி, அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தத் தூரத்திலும் அவர் வாய் திறந்திருந்தது தெரிந்தது.

"மல்லாந்து படுடா!" என்றேன்.

படுத்தார்.

"முட்டிய மடக்கு!"

மடக்கினார். மிதந்தார். சுப்பிரமணியும் இன்னொருவரும் தலைப்பக்கமாகச் சென்று, மிதவைச் சட்டையின் தோள்பிடியைப் பற்றி இழுத்து வந்தார்கள். நான் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி ஏற்றுக்கொண்டேன். கரையில் நின்றவர்கள் அவரை அப்படியே தூக்கப் பார்த்தார்கள். "தூக்காதே!" என்று தடுத்தேன். தண்ணீரின் எடை தெரிவது தண்ணீரை விட்டு வெளியேறும்போதுதான். தோள்பட்டிகளை அவிழ்த்து, காற்சட்டையைக் கீழே உருட்டி, உள்ளிருந்த ஏரியை ஏரிக்கே திருப்பி ஊற்றிய பிறகு கரையேற்றினோம்.

அப்போதுதான் அதைக் கண்டேன். லுங்கிக்கு மேல், காற்சட்டைக்கு உள்ளே, இடுப்பை இறுக்கிக்கொண்டு ஓர் அகலமான பச்சை பெல்ட் இருந்தது. பணம் வைக்கும் பையோடு கூடியது. இந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்களும் வியாபாரிகளும் இடுப்பை விட்டு இறக்காத பெல்ட். திருடன் கண்ணில் படக்கூடாது என்பதற்காக எப்போதும் சட்டைக்குள்ளேயே கட்டுவது. பெல்ட் கட்டு என்றதும் ஆயுள் முழுவதும் கட்டியதைக் கட்டியிருந்தார். டைட்டாகத்தான் கட்டியிருந்தார்.

"நான் கொடுத்த பெல்ட் எங்கே?"

வசந்தா மொபெட்டைக் காட்டினாள். மீன் கூடை அந்தப் பெல்ட்டால் கட்டப்பட்டிருந்தது. "நல்ல கயிறு அண்ணா, வழுக்கவே இல்ல" என்று அழுகையினூடே சொன்னாள். காற்சட்டைக்கு வெளியே கட்டுங்கள் என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. ஸ்காட்லாந்தில் எவருக்கும் அதைச் சொல்ல நேர்ந்ததில்லை.

சுப்பிரமணி ஈரத்தோடு வந்து என் நெற்றியில் மஞ்சளையும் குங்குமத்தையும் அப்பினார். "பதிலு வந்துட்ச்சிடா! லேட்டா வந்தாலும் இன்னா பதிலுடா சார்து!" என்று கூட்டத்துக்கு அறிவித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவைதான் காணொளியின் இறுதியில் நீங்கள் கேட்பது. அது ஏளனம் அல்ல என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அன்று பிற்பகல் சந்திரகிரிக் கோட்டையைப் பார்ப்பதாக இருந்தேன். பதிலாகத் திருப்பதி மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தைப் பார்த்தேன். மொட்டையடித்த தலைகளில் சந்தனம் பூசிய குடும்பமொன்று லட்டைப் பிட்டு எல்லோருக்கும் தந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் முனிரத்தினத்துக்கென்றும் ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்கள்; அவர் சர்க்கரைக்காரர் என்று சொல்லியும் கேட்கவில்லை. "பிரசாதத்தில் சர்க்கரை கிடையாது, சாமி" என்று அந்தக் குடும்பத்து மூத்தவர் தெலுங்கில் உறுதியளித்தார். நான் அந்தத் துண்டை வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். ஏரித் தண்ணீரில் ஊறிய பாதம் உள்ளே மருத்துவரின் கையில் இருந்தது. தாழ்வாரத்தில் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறுமியாக இருந்தபோது பிடித்ததற்குப் பிறகு இப்போதுதான் பிடிக்கிறாள்.

மருத்துவர் வெளியே வந்தார். புண்ணைக் கழுவிச் சுத்தம் செய்ததாகவும், உடனே கொண்டுவந்ததால் பாதத்துக்கு ஆபத்தில்லை என்றும், ஊசிகள் தொடர வேண்டும் என்றும் சொன்னார். பிறகு என்னை உற்றுப் பார்த்து, "சார், நீங்க அந்த வீடியோல..." என்று தொடங்கினார். நான் நன்றி கூறி உள்ளே போய்விட்டேன்.

முனிரத்தினம் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, ஒன்று கேட்க வேண்டும். நான் முதலில் அத்தனை சொன்னேன். ஒன்றையும் கேட்கவில்லை. பிறகு எப்படி நின்றீர்கள்?"

அவர் கட்டுப்போட்ட பாதத்தைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து உங்கள பாத்துக்கினு கீறேன் மச்சான். 'டேய்'னு கூட ஒருத்தர கூப்ட்டது இல்ல நீங்க. உங்க வாயில அந்த வார்த்த வந்திச்சின்னா நான் நெஜமாவே சாவப்போறேன்னு அர்த்தம். அப்பால தான் புத்தி வந்திச்சி. மச்சான் சொன்னத செய்டான்னு படுத்துட்டேன்."

ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் புறப்படும் நாளில் சாலைவரை வழியனுப்ப வரக்கூடாது, பாதத்தை ஊன்றக்கூடாது என்று முனிரத்தினத்திடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சுப்பிரமணியின் மொபெட்டில், கட்டுப்போட்ட காலைத் தூக்கிப் பிடித்தபடி, பின்னிருக்கையில் வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை சலவை மடிப்போடு இருந்தது. அந்தச் சட்டைக்கு மேலே, வெளிப்புறமாக, பேருந்து நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் திருடனும் பார்க்கும்படி, அகலமான அந்தப் பச்சை பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தார்.

"செரியாக் கீதா மச்சான்?" என்றார்.

குனிந்து, பெல்ட்டுக்கும் சட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். நுழையவில்லை. சரியாக இருந்தது.